சாவிக்கொத்து விளக்கில் ரெசிஸ்டர் எங்கே போனது?

சாவிக்கொத்தில் தொங்கும் குட்டி எல்.இ.டி. விளக்கு ஒன்றைத் திருகு கழற்றித் திறந்தால், உள்ளே பார்க்கப் பெரிதாக ஒன்றும் இருக்காது. நாணயம் போல ஒரு பேட்டரி. அதன் விளிம்பைக் கவ்வியபடி ஒரு எல்.இ.டி. அதன் ஒரு கால் பேட்டரியின் ஒரு முகத்தில் எப்போதும் பட்டுக்கொண்டிருக்கும். மறு கால் எதிர் முகத்திலிருந்து மயிரிழை தள்ளி நிற்கும். மேலே இருக்கும் ரப்பர் பொத்தானை அமுக்கினால் அந்தக் கால் போய்த் தொடும், விளக்கு எரியும். அவ்வளவுதான் சர்க்யூட்.

எலெக்ட்ரானிக்ஸ் கற்கத் தொடங்கும் யாருக்கும் சொல்லப்படும் முதல் பாடமோ வேறு: எல்.இ.டி.யை ரெசிஸ்டர் (மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் சிறு பாகம்) இல்லாமல் பேட்டரியில் கொடுக்காதே, கருகிவிடும். அப்படியானால் இந்த விளக்கு எப்படி வருடக்கணக்கில் ஓடுகிறது? இதைப் பார்த்துவிட்டு அதே எல்.இ.டி.யை ஒன்பது வோல்ட் பேட்டரியில் தொட்டால் ஏன் 'பட்' என்று போய்விடுகிறது? ஒற்றைப் பென்சில் பேட்டரியில் கொடுத்தால் ஏன் மினுக்கென்றுகூட வருவதில்லை?

முதல் இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது, மூன்றாவதற்குப் பிறகு வருவோம். சாவிக்கொத்து விளக்கிலும் ரெசிஸ்டர் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில், பேட்டரியின் வயிற்றுக்குள்.

## தேவைப்படும் மூன்று சொற்கள்

பள்ளியில் படித்ததுதான், வேகமாகக் கடந்துவிடலாம். மின்னழுத்தம் என்பது மின்சாரத்தைத் தள்ளும் விசை போன்றது, வோல்ட்டில் அளக்கிறோம். மின்னோட்டம் என்பது எவ்வளவு பாய்கிறது என்பது. ஆம்பியரில் அளக்கலாம், குட்டி விளக்குகளுக்கு அதில் ஆயிரத்தில் ஒரு பங்கான மில்லிஆம்பியர் போதும். தடை என்பது அந்தப் பாய்ச்சலுக்கு இருக்கும் முட்டுக்கட்டை, அளவு ஓம். ஒரு தடையில் எத்தனை வோல்ட் தொலைகிறது என்று தெரிய வேண்டுமா? ஆம்பியரை ஓமால் பெருக்குங்கள். இந்தக் கட்டுரையில் வரும் கணக்கில் பெரும்பகுதி இந்த ஒரு பெருக்கல்தான்.

## எல்.இ.டி. பழைய பல்பு மாதிரி நடந்துகொள்வதில்லை

பழைய டார்ச் பல்பில் இருப்பது டங்ஸ்டன் இழை. சூடாக ஆக அதன் தடை பல மடங்கு கூடும். கொஞ்சம் அதிக வோல்ட் கொடுத்தால் கூடுதலாகச் சூடாகி, தடையைக் கூட்டிக்கொண்டு, தன்னைத் தானே ஓரளவு கட்டுப்படுத்திக்கொள்ளும். அதனால்தான் இரண்டு கட்டை, அதாவது இரண்டு பேட்டரி, போடும் டார்ச்சில் பல்பு, ஸ்விட்ச், பேட்டரி தவிர வேறெதுவும் தேவைப்படவில்லை. இரண்டு தலைமுறைக்கு 'பேட்டரியையும் பல்பையும் இணைத்தால் போதும்' என்ற பழக்கம் ஊறிப்போனது இப்படித்தான்.

எல்.இ.டி.க்கு அந்தக் குணம் கிடையாது. அது ஒரு டயோடு, மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் பொருள். குறிப்பிட்ட மின்னழுத்தத்தை எட்டும்வரை கிட்டத்தட்ட எதையும் பாயவிடாது. எட்டிவிட்டால் அப்புறம் வாசலை அகலத் திறந்துவிடும். அந்த வாசல் எத்தனை வோல்ட்டில் இருக்கிறது என்பது ஒளியின் நிறத்தைப் பொறுத்தது. நீல ஒளியின் ஒவ்வொரு துகளுக்கும் சிவப்பைவிட அதிக ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றலை எலெக்ட்ரானுக்கு ஊட்டுவது மின்னழுத்தம். ஆகவே சிவப்பு எல்.இ.டி. 1.8 முதல் 2.2 வோல்ட்டுக்குள் நன்றாக எரியும். நீலத்துக்கு ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும்.

வெள்ளைக்கு? வெள்ளை எல்.இ.டி. என்று தனியாக ஒன்று இல்லை. உள்ளே இருப்பது நீலச் சில்லு. அதன் மேல் மஞ்சள் நிறப் பாஸ்பர் பூச்சு. நீலத்தில் ஒரு பகுதி மஞ்சளாக மாறி, மிச்ச நீலத்தோடு கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. எரியாத எல்.இ.டி.யை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நடுவில் அந்த மஞ்சள் புள்ளி தெரியும். பிரகாசமான நீல எல்.இ.டி. 1990களில்தான் சாத்தியமானது. அதற்காக அகாசாகி, அமானோ, நாகமுரா மூவரும் 2014இல் இயற்பியல் நோபல் பெற்றார்கள். அந்த நீலம் வராமல் வெள்ளை டார்ச் வந்திருக்காது. கூடவே நீலத்தின் 3 வோல்ட் தேவையும் எல்லா வெள்ளை டார்ச்சுக்கும் சீதனமாக வந்து சேர்ந்தது.

சந்தையில் கிடைக்கும் சாதாரண 5 மில்லிமீட்டர் வெள்ளை எல்.இ.டி.யின் போக்கு கீழே உள்ளது போல இருக்கும். தயாரிப்புக்குத் தயாரிப்பு கொஞ்சம் மாறும், வடிவம் மாறாது.

- 2.7 வோல்ட்: 1 மில்லிஆம்பியருக்கும் குறைவு, மங்கலான பொட்டு
- 2.9 வோல்ட்: 4 அல்லது 5 மில்லிஆம்பியர்
- 3.0 வோல்ட்: 8 மில்லிஆம்பியர் அளவில்
- 3.2 வோல்ட்: 20 மில்லிஆம்பியர், இதுதான் இதற்கு விதித்த அளவு
- 3.5 வோல்ட்: 45 மில்லிஆம்பியர் அளவில், வரம்பைத் தாண்டியாயிற்று

2.9இலிருந்து 3.2 என்றால் வெறும் 0.3 வோல்ட் வித்தியாசம். மின்னோட்டமோ நான்கு மடங்குக்கும் மேல் எகிறுகிறது. இதனால்தான் எல்.இ.டி.யை வோல்ட் கணக்கில் கட்டுப்படுத்துவது சிரமம், மின்னோட்டக் கணக்கில்தான் கட்டுப்படுத்த வேண்டும்.

சூடு விஷயத்தில் இது இன்னும் மோசம். ஒரு டிகிரி சூடு ஏறினால் அந்த வாசல் இரண்டு முதல் நான்கு மில்லிவோல்ட் கீழே இறங்கும். முப்பது டிகிரி ஏறினால் ஏறத்தாழ 0.1 வோல்ட். மேலே உள்ள பட்டியலை வைத்துப் பார்த்தால், அதே 3.2 வோல்ட்டில் 20 என்று இருந்த மின்னோட்டம் 30ஐ நெருங்கும். மின்னோட்டம் கூடினால் சூடு கூடும், சூடு கூடினால் மின்னோட்டம் கூடும். டங்ஸ்டன் இழை தன்னை அடக்கிக்கொண்டது, எல்.இ.டி. தன்னை உசுப்பிவிட்டுக்கொள்கிறது.

## பேட்டரியின் வயிற்றுக்குள் இருக்கும் தடை

எந்தப் பேட்டரியும் தான் செய்யும் மின்சாரத்தை அப்படியே வெளியே தருவதில்லை. உள்ளே அயனிகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குத் திரவத்தின் வழியாகவோ பசையின் வழியாகவோ நீந்திப் போக வேண்டும். வேதிவினைக்கும் நேரம் பிடிக்கும். இதெல்லாம் சேர்ந்து, பேட்டரிக்குள்ளேயே ஒரு ரெசிஸ்டர் தொடராக மாட்டியிருப்பது போல நடந்துகொள்கிறது. பாடநூலில் இதன் பெயர் அகமின்தடை.

இது புதிய விஷயம் இல்லை. ரேடியோ பாடாமல் போனால் கட்டைகளை எடுத்து வெயிலில் காயவைத்த வீடுகள் எத்தனையோ. பேட்டரி அதில் சார்ஜ் ஆகிவிடுவதில்லை. ஆனால் சூட்டில் அயனிகள் துள்ளலாக நகரும், வேதிவினை வேகம் பிடிக்கும், அகமின்தடை கொஞ்ச நேரத்துக்குக் குறையும். சும்மா கிடந்த ஓய்வும் சேர்ந்து, இன்னொரு அரைமணி நேரச் செய்தியும் பாட்டும் கிடைத்தது. டார்ச்சுக்கு அமெரிக்காவில் 'ஃப்ளாஷ்லைட்' என்று பெயர் வந்ததும் இதே பலவீனத்தால்தான். டேவிட் மிசெல் அங்கே 1899இல் காப்புரிமை பெற்ற காலத்தில், பேட்டரிகளும் இழைகளும் தொடர்ந்து எரியும் தெம்பில்லாதவை. பளிச்சென்று ஒருமுறை காட்டிவிட்டு அணைத்து ஓய்வு கொடுக்க வேண்டும்.

அகமின்தடை ஒவ்வொரு பேட்டரிக்கும் வேறு வேறு. புதிய பென்சில் பேட்டரி, அல்கலைன் வகை: 0.2 ஓம் போல. அதே அளவு ரீசார்ஜபிள்: அதைவிடவும் குறைவு. லேப்டாப்பில் இருக்கும் 18650 என்ற லித்தியம் அயன் உருளை: 0.05 ஓம் அல்லது அதற்கும் கீழே. நம் சாவிக்கொத்து விளக்கின் நாணயப் பேட்டரியோ, அதன் பெயர் சி.ஆர். 2032, புதிதாக இருக்கும்போதே 10 முதல் 20 ஓம். பென்சில் பேட்டரியைவிட ஐம்பது மடங்குக்கும் மேல்!

பெயரைப் பிரித்துப் பார்த்தால் காரணம் புரியும். சி என்பது லித்தியம், மாங்கனீசு டையாக்சைடு வேதியியல். ஆர் என்றால் வட்டம். 20 என்பது விட்டம் 20 மில்லிமீட்டர், 32 என்பது தடிமன் 3.2 மில்லிமீட்டர். உள்ளே இரண்டு பொருள்களும் ஒரு வில்லை மேல் இன்னொரு வில்லையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்றையொன்று பார்க்கும் பரப்பு நாணய அளவுதான். 18650க்குள் நீளமான தாள்கள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும், பரப்பு மிக அதிகம். கணினியின் கடிகாரத்தையும் எடைத் தராசையும் ஆண்டுக்கணக்கில் சொட்டுச் சொட்டாக ஓட்டுவதற்காகச் செய்த பொருள் சி.ஆர். 2032. டார்ச் எரிப்பது அதன் வேலையே கிடையாது.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பார்ப்போம்.

1. புதிய நாணயப் பேட்டரி, எதையும் இணைக்காதபோது 3.2 வோல்ட் போலக் காட்டும். அகமின்தடை 15 ஓம் என்று வைத்துக்கொள்வோம்.
2. எல்.இ.டி. 20 மில்லிஆம்பியர் எடுக்கப் பார்க்கிறது. 15 ஓமில் 0.3 வோல்ட் தொலைகிறது. மிச்சம் 2.9. ஆனால் 2.9 வோல்ட்டில் அதனால் 20 எடுக்க முடியாது, 5தான் முடியும்.
3. சரி, 5 மட்டும் எடுக்கட்டும். தொலைவது 0.075 வோல்ட், மிச்சம் 3.12க்கு மேல். அந்த அழுத்தத்தில் 5இல் நிற்காது, இன்னும் கேட்கும்.
4. இரண்டுக்கும் நடுவில், 10 மில்லிஆம்பியரில் 0.15 வோல்ட் தொலைந்து 3.05 மிஞ்சுகிறது. 3.05 வோல்ட்டில் எல்.இ.டி. எடுப்பதும் ஏறத்தாழ 10தான். அங்கே போய் நிற்கும்.

எல்.இ.டி. சூடாகி இன்னும் கேட்டாலும், கேட்கக் கேட்கப் பேட்டரியின் வோல்ட் இறங்கிவிடும். பேட்டரியின் சோம்பேறித்தனம் எல்.இ.டி.யைக் காப்பாற்றுகிறது. ஒரு ரெசிஸ்டரின் விலை மிச்சம், சால்டரிங் கூட வேண்டாம். தயாரிப்பாளரின் கஞ்சத்தனம் என்று இதை ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டு பொருள்களின் குறையையும் நிறையையும் அறிந்து ஒன்றோடு ஒன்று பூட்டிய வேலை இது.

இரண்டு அதிர்ஷ்டமும் இதில் சேர்ந்திருக்கிறது. வெள்ளை எல்.இ.டி.யின் வாசலும் லித்தியம் நாணயத்தின் வோல்ட்டும் தற்செயலாகப் பக்கத்துப் பக்கத்தில் அமைந்தன. அதோடு, தவறிப்போய்த் திருப்பி மாட்டினாலும் கெடுதல் இல்லை: இந்த எல்.இ.டி.கள் பொதுவாக எதிர்த்திசையில் 5 வோல்ட் வரை தாங்கும்.

சிவப்பு எல்.இ.டி.யை அதே நாணயத்தில் மாட்டினால் கதை கொஞ்சம் மாறும். வாசல் 2 வோல்ட்டில் இருப்பதால், நடுவில் ஒரு வோல்ட்டுக்கும் மேல் மிஞ்சுகிறது. தொடக்கத்தில் 20 மில்லிஆம்பியரைத் தாண்டி இழுக்கும், பேட்டரி சீக்கிரம் துவண்டுபோகும். ஒரு சிவப்பையும் ஒரு வெள்ளையையும் ஒரே நாணயத்தில் பக்கம் பக்கமாகச் செருகிப் பாருங்கள். சிவப்பு மட்டும் எரியும், வெள்ளை அணைந்தே இருக்கும். பேட்டரியின் வோல்ட்டைச் சிவப்பு தன் மட்டத்துக்கு இழுத்துவிடுகிறது, வெள்ளையின் வாசலுக்கு அது எட்டுவதில்லை. அகமின்தடையைக் கண்ணால் பார்க்க இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

## மீட்டர் 2.9 காட்டுகிறது, விளக்கு ஏன் எரியவில்லை?

பலரைக் குழப்பும் இடம் இது. மங்கிப்போன விளக்கின் பேட்டரியை எடுத்து மல்டிமீட்டரில் வைத்தால் 2.9 வோல்ட் காட்டும். 'பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது, எல்.இ.டி.தான் போய்விட்டது' என்று முடிவுகட்டிவிடுவோம்.

மல்டிமீட்டர் பேட்டரியிடமிருந்து கிட்டத்தட்ட எதையும் எடுப்பதில்லை. டிஜிட்டல் மீட்டரின் உள்தடை வழக்கமாக ஒரு கோடி ஓம் அளவில் இருக்கும். பாய்வது மில்லிஆம்பியரில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவு சிறிய ஓட்டத்தில் அகமின்தடை 15 ஓமாக இருந்தாலும் 500 ஓமாக இருந்தாலும் மீட்டருக்குத் தெரியாது. லித்தியம் நாணயம் தேயும்போது வோல்ட் மெதுவாகத்தான் இறங்கும், அகமின்தடைதான் ஏறிக்கொண்டே போகும். உண்மை தெரிய வேண்டுமானால் எல்.இ.டி. எரிந்துகொண்டிருக்கும்போதே அதன் இரண்டு கால்களுக்கும் நடுவே அளக்க வேண்டும். அங்கே 2.6, 2.7 என்று காட்டினால் குற்றவாளி பேட்டரி.

## வேறு பேட்டரிக்கு மாறினால்

நாணயத்தில் எரிந்த விளக்கை, 'இன்னும் பெரிய பேட்டரி போட்டால் இன்னும் நேரம் எரியுமே' என்று மாற்றுவதில்தான் பெரும்பாலான எல்.இ.டி.கள் உயிரை விடுகின்றன.

சில சாவிக்கொத்து விளக்குகளில் நாணயத்துக்குப் பதில் மூன்று சின்னப் பொத்தான் பேட்டரிகள் அடுக்கியிருக்கும். 4.5 வோல்ட். இதிலும் ரெசிஸ்டர் பெரும்பாலும் இருக்காது. பொத்தான் ஒவ்வொன்றுக்கும் தடை சில ஓம் இருப்பதால் உடனே கருகாது. ஆனால் புதிதாகப் போட்ட முதல் நிமிடங்களில் எல்.இ.டி. வரம்பைத் தாண்டித்தான் எரியும். முதல் நாள் கண்ணைப் பறித்த விளக்கு இரண்டாம் நாளே சாதாரணமாகிவிடுவதன் காரணம் இது.

அடுத்தது, கடைத்தெருவில் எங்கும் கிடைக்கும் ஒன்பது எல்.இ.டி. அலுமினிய டார்ச். பின்மூடியைத் திருகினால் ஒரு பிளாஸ்டிக் உருளைக் கூடு வெளியே வரும், அதில் ரிமோட்டுக்குப் போடும் ஒல்லிப் பேட்டரி மூன்று. பலவற்றில் ஒன்பது எல்.இ.டி.யும் ஒரே பலகையில் நேராக இணைத்திருக்கும். இங்கே தடை எங்கிருந்து வருகிறது? மூன்று பேட்டரிகளின் அகமின்தடை, கூட்டின் தகரத் துண்டுகள், ஸ்பிரிங், பின்மூடியின் ஸ்விட்ச் எல்லாம் சேர்ந்து ஒரு ஓம் அளவில். ஒன்பது எல்.இ.டி.க்கு அது பற்றாத பாதுகாப்பு. போதாக்குறைக்கு ஒன்பதும் ஒரே அச்சில் வார்த்தவை கிடையாது. எதன் வாசல் 0.05 வோல்ட் தாழ்வாக இருக்கிறதோ, அது அதிகம் குடிக்கும், அதிகம் சூடாகும், வாசல் இன்னும் இறங்கும். ஒரு வருடம் பழகிய இத்தகைய டார்ச்சின் வெளிச்சத்தைச் சுவரில் பாய்ச்சிப் பாருங்கள். ஒன்றிரண்டு எல்.இ.டி. மட்டும் நீலம் பாய்ந்து மங்கியிருக்கும். முதலில் அதிகம் குடித்தவை அவைதான்.

ஒன்பது வோல்ட் சதுரப் பேட்டரியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். உள்தடை ஓரிரு ஓம், மிஞ்சும் வோல்ட் ஐந்துக்கும் மேல். தொட்ட கணத்தில் போய்விடும்.

18650 விஷயம் தனி. பழைய லேப்டாப் பேட்டரியிலிருந்து உரித்தெடுத்த உருளையில் 5 மில்லிமீட்டர் எல்.இ.டி.யை நேராக மாட்டுபவர்கள் உண்டு. நிறைய சார்ஜில் அது 4.2 வோல்ட், தடுக்க உள்ளே தடையே இல்லை. எல்.இ.டி. போவது சின்ன நஷ்டம். காலோடு கால் ஒட்டிக்கொண்டு ஷார்ட் ஆனால் அந்த உருளை பத்துப் பத்து ஆம்பியராகக் கொட்டும், கம்பி பழுக்கும், தீப்பிடிக்கவும் கூடும். பென்சில் பேட்டரி அளவிலேயே வரும் 14500 என்ற லித்தியம் அயன் உருளையும் இதே ரகம். கூட்டுக்குள் சரியாகப் பொருந்துகிறது என்பதற்காக 1.5 வோல்ட்டின் இடத்தில் 4.2 வோல்ட்டைப் போட முடியாது.

அப்படியானால் டார்ச் ஆர்வலர்கள் 18650யில் எல்.இ.டி.யை நடுவில் எதுவும் இல்லாமல் நேராக, 'டைரக்ட் டிரைவ்' என்று ஓட்டுகிறார்களே? ஓட்டுகிறார்கள்தான். ஆனால் அவர்கள் மாட்டுவது 3 ஆம்பியர் வரை தாங்கும் பெரிய எல்.இ.டி., செம்புப் பலகை மேல் ஒட்டி, சூடு இறங்க உலோக உடம்போடு. அங்கேயும் தடை ஒளிந்துதான் இருக்கிறது, இந்த முறை ஸ்பிரிங்கில். மெல்லிய எஃகு ஸ்பிரிங்குக்கு 0.05 ஓம் இருந்தால், 3 ஆம்பியரில் 0.15 வோல்ட் அங்கேயே போய்விடும். அதனால் ஸ்பிரிங்குக்கு இணையாக ஒரு செம்புக் கம்பியைப் பற்றவைத்து வெளிச்சத்தைக் கூட்டுவது அவர்களிடையே பழகிய வேலை. எல்.இ.டி. செத்துப்போவதும் பல நேரம் அந்தக் கம்பியைப் பற்றவைத்த பிறகுதான்.

## ஒற்றைப் பென்சில் பேட்டரி: இங்கே சிக்கல் தலைகீழ்

இதுவரை பார்த்தது வோல்ட் மிஞ்சும் சிக்கல். 1.5 வோல்ட் ஒற்றைக் கட்டையில் வோல்ட்டே எட்டுவதில்லை. நீல ஒளித்துகளுக்கு 2.7 வோல்ட்டுக்கு மேல் தள்ளும் ஆற்றல் வேண்டும். 1.5 வோல்ட் பேட்டரி எவ்வளவு தடியாக இருந்தாலும் அதைத் தராது. பெரிய கட்டை போட்டாலும் இதே கதைதான், அதில் சரக்கு அதிகமே தவிர உயரம் அதே 1.5.

ஆனாலும் ஒற்றை பேட்டரி எல்.இ.டி. டார்ச்சுகள் கடையில் இருக்கின்றன. வீட்டுத் தோட்டத்தில் செருகும் சோலார் விளக்கிலும் 1.2 வோல்ட் ரீசார்ஜபிள் ஒன்றே ஒன்றுதான். அவை நேரடி இணைப்பு இல்லை. சோலார் விளக்கின் பலகையைப் பார்த்தால் நான்கு கால் கொண்ட ஒரு சின்னக் கறுப்புச் சில்லும், பல நேரம் பச்சை நிறத்தில் ரெசிஸ்டர் போலவே இருக்கும் ஒரு உருப்படியும் தெரியும். அந்தப் பச்சை உருப்படி ரெசிஸ்டர் கிடையாது, காயில், அதாவது கம்பிச் சுருள்.

வேலை நடக்கும் விதம் இது:

1. சில்லுக்குள் இருக்கும் ஸ்விட்ச் மூடி இணைப்பைத் தருகிறது. பேட்டரியின் மின்னோட்டம் காயில் வழியாக ஏறத் தொடங்குகிறது, ஆற்றல் காந்தப்புலமாகச் சேர்கிறது.
2. ஸ்விட்ச் சட்டெனத் திறந்து இணைப்பை அறுக்கிறது. காயிலின் மின்னோட்டம் உடனே நிற்க மறுக்கும். வேகமாக ஓடும் தண்ணீர்க் குழாயைப் பட்டென மூடினால் குழாய் 'டங்' என்று அதிருமே, அந்தக் குணம். போக வழியில்லாத மின்னோட்டம் தன் வோல்ட்டை உயர்த்திக்கொண்டு, எல்.இ.டி.யின் வாசலைத் தள்ளித் திறந்து வெளியேறுகிறது.
3. இது நொடிக்குப் பல்லாயிரம் தடவை நடக்கிறது. கண்ணுக்குத் தொடர்ந்து எரிவதாகவே தெரியும்.

இலவசமாக எதுவும் வருவதில்லை. 3.2 வோல்ட்டில் 20 மில்லிஆம்பியர் என்றால், இரண்டையும் பெருக்க 64 மில்லிவாட். சர்க்யூட் 80 சதவீதத் திறனில் வேலை செய்தால் பேட்டரியிலிருந்து 80 மில்லிவாட் போகும். 1.2 வோல்ட் பேட்டரிக்கு அது 67 மில்லிஆம்பியர். 2000 மில்லிஆம்பியர் மணி கொள்ளளவு இருந்தால் முப்பது மணி நேரம் வரும். குறை சொல்ல முடியாத கணக்கு.

ஒரு டிரான்சிஸ்டர், ஒரு ரெசிஸ்டர், ஃபெரைட் என்ற காந்தப்பொருள் வளையத்தில் இரட்டையாகச் சுற்றிய கொஞ்சம் கம்பி, இவற்றை வைத்தே இதை வீட்டில் செய்யலாம். 'ஜூல் தீஃப்' என்று பெயர், ஆற்றல் திருடன். ரிமோட்டுக்கு உதவாது என்று எடுத்துப்போட்ட பேட்டரியிலிருந்தும் வெளிச்சம் கறந்துவிடும். 0.6, 0.7 வோல்ட் இருந்தால் ஓடத் தொடங்கும். அல்கலைன் பேட்டரியை அந்த மட்டம் வரை வறட்டினால் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசிந்து வெள்ளைப் பூ பூக்கும், அதனால் கசிவதற்குள் எடுத்துவிட வேண்டும்.

## எவ்வளவு நேரம் எரியும்?

சி.ஆர். 2032 மேல் 220 மில்லிஆம்பியர் மணி என்ற ரீதியில் கொள்ளளவு சொல்வார்கள். 10 மில்லிஆம்பியரால் வகுத்து 22 மணி நேரம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த 220 என்பது மில்லிஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்கு போலச் சொட்டுச் சொட்டாக எடுத்து அளந்தது. பத்து எடுத்தால் பேட்டரி மூச்சுத்திணறி, உள்ளே மிச்சம் இருக்கும்போதே வோல்ட் சரியும். பிரகாசமான வெளிச்சம் முதல் சில மணி நேரம்தான்.

ஆனால் மங்கலான வெளிச்சம் நாள்கணக்கில் தொடரும். நியூயார்க்கில் ஐபீம் கலைக்கூடத்தில் இருந்த ஜேம்ஸ் பவுடர்லி, இவான் ராத் இருவரும் 2006 வாக்கில் 'த்ரோயீ' என்ற ஒன்றைப் பரப்பினார்கள். ஒரு எல்.இ.டி., ஒரு நாணயப் பேட்டரி, ஒரு காந்தம், சுற்றிலும் டேப். ரெசிஸ்டர் கிடையாது. இரும்புச் சுவரை நோக்கி வீசினால் ஒட்டிக்கொண்டு எரியும். ஒன்றிரண்டு வாரம்கூட எரிந்தது. மின்னோட்டம் பத்தில் ஒரு பங்காக இறங்கினால் கண்ணுக்குப் பாதி மங்கியது போலத்தான் தெரியும். வெளிச்சத்தை நம் கண் கழித்தல் கணக்கில் பார்ப்பதில்லை, மடங்குக் கணக்கில் பார்க்கிறது. இந்த ஏமாற்றுதான் நேரடி இணைப்பு விளக்குகளுக்கு 'நீண்ட நாள் உழைக்கும்' என்ற நல்ல பெயரை வாங்கிக் கொடுத்தது.

## செய்து பார்க்க விரும்பினால்

நாணயப் பேட்டரி, ஒரு வெள்ளை எல்.இ.டி., நீளக் கால் பிளஸ் பக்கம்: இதற்கு ரெசிஸ்டர் வேண்டாம். வேறு எதற்கும் வேண்டும். பேட்டரியின் உச்ச வோல்ட்டிலிருந்து எல்.இ.டி.யின் 3.2ஐக் கழித்து, 0.02ஆல் வகுங்கள். மூன்று பென்சில் பேட்டரிக்கு 1.3ஐ 0.02ஆல் வகுத்தால் 65, கடையில் கிடைப்பது 68 ஓம். 18650க்கு 1.0ஐ வகுத்தால் 50, எனவே 56 ஓம். ஒன்பது வோல்ட்டுக்கு 290 ஓம் வரும், 330 அல்லது 390 வாங்கிக்கொள்ளலாம். சென்னை ரிச்சி தெருவிலோ உங்கள் ஊர் எலெக்ட்ரானிக்ஸ் கடையிலோ இதை ஒன்றிரண்டாகக் கேட்டால் கடைக்காரர் முறைப்பார், பாக்கெட்டாக வாங்குவது உத்தமம். பல எல்.இ.டி. இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி ரெசிஸ்டர் போடுங்கள், ஒன்பதுக்கும் பொதுவாக ஒன்று வேண்டாம்.

மின்னோட்டம் அளக்க மீட்டரை எல்.இ.டி.யோடு தொடராக மாட்ட வேண்டும். ஆம்பியர் நிலையில் வைத்து நேராகப் பேட்டரியின் இரண்டு முனையில் வைத்தால் ஷார்ட் அடித்ததற்குச் சமம். மில்லிஆம்பியர் நிலையில் மீட்டரே சில ஓம் தடையாக நிற்கும் என்பதால், நாணய விளக்கை அளக்கும்போது காட்டுவது உண்மையைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருக்கும்.

## எரியாத நாணயமும் ஆபத்துதான்

மீட்டரில் 2.9 காட்டியும் விளக்கை எரிக்க முடியாத பேட்டரியைப் பார்த்தோம். குழந்தை உள்ள வீட்டில் அந்த 2.9 வேறு விதத்தில் முக்கியம். 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள நாணயப் பேட்டரியைச் சிறு குழந்தை விழுங்கினால் அது உணவுக்குழாயிலேயே சிக்கிக்கொள்ளக் கூடும். ஈரமான திசு இரண்டு முனையையும் இணைத்துவிடும். மைனஸ் முனைப் பக்கம் காரம் உருவாகி, இரண்டு மணி நேரத்துக்குள் கடுமையாக அரித்துவிடும். அதற்கு எல்.இ.டி. கேட்கும் பத்து மில்லிஆம்பியர் தேவையில்லை, மிகச் சிறிய ஓட்டம் போதும். விளக்குக்கு உதவாத பேட்டரியில் அது தாராளமாக மிச்சம் இருக்கும். அமெரிக்காவில் 2022இல் 'ரீஸ் சட்டம்' கொண்டுவந்து, இத்தகைய பேட்டரி வைக்கும் பெட்டி குழந்தை கையால் திறக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியது இதனால்தான்.

விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தி எடுக்க வைக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும், நாளை பார்க்கலாம் என்ற பேச்சுக்கு இடமில்லை. கழற்றிய பழைய நாணயத்தின் இரண்டு முகத்திலும் டேப் ஒட்டி, கைக்கு எட்டாத டப்பாவில் போட்டு மின்கழிவோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். சாவிக்கொத்து விளக்கை விளையாட்டுக்குக் கொடுப்பதாக இருந்தால், முதலில் அதன் பின்மூடி திருகு போட்டதா, நகத்தால் நெம்பினாலே திறந்துகொள்ளும் ரகமா என்று பாருங்கள்.